வாப்பாட மெட்டு, மகள்ட குரல்: இந்தக் கணக்கு பிழை

முதலில் எங்கட பிழையைச் சொல்லிவிட்டுத் தொடங்குவோம். அதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை.

2024 ஜனவரி கடைசி வாரம். 27, 28, சனியும் ஞாயிறும், கொழும்பில் இளையராஜாவின் இசை நிகழ்ச்சி என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் நாலைந்து பேர் போவதாகத் திட்டம். காசு சேர்த்தோம். கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸா, வேனா என்று சண்டை போட்டோம். கொழும்பில் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் படுப்பது என்று விசாரித்தோம். 25ஆம் திகதி, வியாழக்கிழமை, செய்தி வந்தது. பவதாரிணி இறந்துவிட்டார். வயது 47. புற்றுநோய்க்கு ஆயுர்வேத சிகிச்சை எடுக்க இலங்கைக்கு வந்திருந்தவர், கொழும்பிலேயே கண்ணை மூடிவிட்டார். நிகழ்ச்சி பிற்போடப்பட்டது. நாங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அந்தச் சனிக்கிழமை அவரைத் தேனி மாவட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’ பாட்டையே குடும்பத்தார் பாடி வழியனுப்பினார்கள் என்று செய்தியில் படித்தோம்.

அண்டைக்கு இரவு எங்கட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கள் எப்படி இருந்தன? ‘இசைஞானியின் மகள்’, ‘தேன் குரல்’, ‘குயில் பறந்துவிட்டது’. எல்லாருடைய ஃபோனிலும் அந்த ஒரே பாட்டு. செய்திகள் சிலதில் ‘பாடகி, இசையமைப்பாளர்’ என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். இரண்டாவது சொல்லை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கண்ணில் பட்டும் படாத மாதிரிக் கடந்துபோனோம்.

அதுக்குப் பிறகு சில மாதம் கழித்து, கொழும்புக்குப் போகக் கிடைக்காத அந்த வார இறுதியை எங்கட நற்பிட்டிமுனையிலேயே வைப்போம் என்று முடிவெடுத்தோம். பெரிய நிகழ்ச்சி ஒண்டுமில்லை. ஒரு டியூஷன் கொட்டில், ஒரு கீபோர்ட், இரவல் வாங்கின இரண்டு மைக், பிளாஸ்டிக் கதிரை முப்பது. சனி இரவு வாப்பாவுக்கு, ஞாயிறு இரவு மகளுக்கு. எங்கட ஊரில் கோயில் மணியும் பள்ளி வாங்கும் ஒரே காற்றில்தான் வரும். அதனால் இஷாவுக்குப் பிறகு தொடங்கினோம். தமிழ்ப் பக்கத்துப் பொடியன்களும் வந்தார்கள், முஸ்லிம் பக்கத்துப் பொடியன்களும் வந்தார்கள். கொட்டிலுக்குப் பக்கத்து வீட்டில், கதவைத் திறந்து வைத்துவிட்டு, உம்மாமாரும் ராத்தாமாரும் அக்காமாரும் இருந்தார்கள்.

சனிக்கிழமை பிரச்சினை இல்லை. இளையராஜா பாட்டுக்கு எங்கட ஊரில் பாடகர் தட்டுப்பாடா? பதினொரு மணி தாண்டியும் நிறுத்த முடியவில்லை. ஞாயிறும் நல்லாத்தான் தொடங்கியது. ‘காதலுக்கு மரியாதை’, ‘அழகி’, ‘பாரதி’ என்று ஒவ்வொரு படமாக வந்தோம். எட்டாவது பாட்டோ ஒன்பதாவது பாட்டோ முடிந்தபோது, பக்கத்து வீட்டுக் கதவடியில் இருந்த எங்கள் கூட்டத்துப் புள்ள ஒருத்தி குரல் கொடுத்தாள்: “நேத்தைக்கும் வாப்பாட மெட்டு. இண்டைக்கும் வாப்பாட மெட்டுத்தானே பாடுறீங்க. மகள்ட மெட்டு எங்க?”

கொட்டில் அமைதியாகிவிட்டது. கீபோர்ட்டில் இருந்தவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஃபோனைப் பார்த்தோம். அவர் இசையமைத்த ஒரு பாட்டுக் கூட எங்களுக்குப் பாடத் தெரியவில்லை. மகளுக்கென்று ஒரு இரவை ஒதுக்கி, அந்த இரவையும் வாப்பாவுக்கே கொடுத்திருக்கிறோம். இதுதான் எங்கட பிழை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதால் வந்தது. தேடத் தேட, இது மறதி மட்டும் இல்லை என்று விளங்கியது. இது ஒரு கணக்கு முறை. அந்தக் கணக்கு முறையோடுதான் எங்களுக்குச் சண்டை.

பவதாரிணி என்ன செய்தார் என்று முதலில் பார்ப்போம். 1995இல் ‘ராசய்யா’வில் பாடித் தமிழில் கவனம் பெற்றார். 2000ஆம் ஆண்டுக்கான தேசிய விருது ‘பாரதி’ படப் பாட்டுக்கு. இவ்வளவும் ஊருக்கே தெரியும். தெரியாதது இதுதான்: 2002இல் ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ என்ற ஆங்கிலப் படத்துக்கு இசையமைத்தார். இயக்கம் ரேவதி, ஒளிப்பதிவு ஃபௌசியா பாத்திமா, படத்தொகுப்பு பீனா பால், இசை பவதாரிணி. படத்தின் முக்கியமான தொழில்நுட்பப் பொறுப்புகள் பெண்கள் கையில். அந்தப் படம் சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. ஷோபனாவுக்குச் சிறந்த நடிகை விருதும், பீனா பாலுக்குப் படத்தொகுப்பு விருதும் கிடைத்தன. பிறகு 2003இல் தெலுங்கில் ‘அவுனா’. 2004இல், எச்ஐவி தொற்றுள்ள ஒரு பெண்ணின் வழக்கைப் பேசிய ரேவதியின் ஹிந்திப் படம் ‘ஃபிர் மிலேங்கே’யில் ஒரு பங்கு இசை. தமிழில் ‘அமிர்தம்’, ‘இலக்கணம்’, ‘வெள்ளச்சி’, 2020இல் ‘மாயநதி’. நாலு மொழி, பதினெட்டு வருஷம். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் பூச்சியம் இல்லை. நாங்கள் பூச்சியம் போட்டோம்.

ஏன் போட்டோம்? மகளின் குரல் என்பது கொடை, பிறப்பிலேயே வந்தது, வாப்பாவின் இரத்தம் என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். அப்படி நினைத்தால், அவள் பாடும்போது பாராட்டுக்குப் பாதி வாப்பாவுக்குப் போய்விடும். யாருக்கும் தொல்லை இல்லை. மெட்டுப் போடுவது அப்படி இல்லை. மெட்டுப் போடுகிறவர் யோசிக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும். வயலின்காரருக்கும் தபலாக்காரருக்கும் “இது சரியில்ல, திரும்ப வாசிங்க” என்று சொல்ல வேண்டும். எந்த இடத்தில் இசை வேண்டாம் என்று இயக்குநரோடு வாதாட வேண்டும். படம் ஓடாவிட்டால் பேச்சு வாங்க வேண்டும். குரலுக்கு ‘இனிமை’ என்ற ஒரு சொல் போதும். மெட்டுக்கு ‘அறிவு’, ‘அதிகாரம்’ என்ற இரண்டு சொல்லையும் கொடுக்க வேண்டி வரும். மகளுக்கு அந்த இரண்டையும் கொடுக்க எங்கட சமூகத்துக்குக் கை வருவதில்லை.

மகனாக இருந்தால் கணக்கு வேறு. கர்நாடக இசையில் ராமசுவாமி தீட்சிதர் ஹம்சத்வனி ராகத்தை ஆக்கியவர் என்று சொல்வார்கள். அவருடைய மகன் முத்துசுவாமி தீட்சிதர் அதே ராகத்தில் பாடிய பிள்ளையார் கீர்த்தனையோடுதான் இன்றைக்கும் பாதிக் கச்சேரிகள் தொடங்குகின்றன. அங்கே யாரும் முத்துசுவாமியை ‘ராமசுவாமியின் மகன், நல்ல குரல்’ என்று சொல்லி முடிப்பதில்லை. பரம்பரை என்கிறோம். மும்மூர்த்திகளில் ஒருவர் என்கிறோம். மலையாள சினிமாவில் இசையமைத்த ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அந்த மகன்தான் ஏ.ஆர். ரஹ்மான். அங்கேயும் நாங்கள் தொழில் கை மாறியது என்கிறோமே தவிர, குரல் கை மாறியது என்று சொல்வதில்லை.

பவதாரிணியின் வீட்டிலேயே பாருங்கள். அண்ணன் கார்த்திக் ராஜா இசையமைப்பாளர். தம்பி யுவன் ஷங்கர் ராஜா இசையமைப்பாளர். யுவன் 1997இல் ‘அரவிந்தன்’ செய்யும்போது பதினேழு வயதுப் பொடியன். ஆரம்பப் படங்கள் ஓடவில்லை. ஆனாலும் அடுத்தடுத்து வாய்ப்பு வந்தது. பிழைவிட்டுப் பழக அவருக்கு இடம் கிடைத்தது. கிடைத்தது நல்லது, அதனால்தான் எங்களுக்கு இவ்வளவு பாட்டு. அந்த வீட்டுக்குள் என்ன பேசினார்கள், அவருக்கு எது விருப்பம் என்பதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லாத விசயம். நாங்கள் கேட்பது வெளியில் இருக்கிற எங்களைத்தான். தம்பியின் பெயரைப் படத்தின் போஸ்டரில் தேடின நாங்கள், அக்காவின் பெயரைப் பாடகர் பட்டியலில் மட்டும் ஏன் தேடினோம்?

“அவட மெட்டு ஹிட் ஆகல்ல, அதான் தெரியல்ல” என்று ஒருவர் கொட்டிலிலேயே சொன்னார். சரி, ஹிட் ஆகவில்லை. அப்படியானால் ஓடாத படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டுகளை நாங்கள் தேடித் தேடி எடுத்து, ‘யாரும் கேட்காத முத்து’ என்று பகிர்வது எதுக்கு? ஆண் இசையமைப்பாளருடைய ஓடாத படம் எங்களுக்குப் புதையல். பெண் இசையமைப்பாளருடைய ஓடாத படம் வெறும் ஓடாத படம். கேட்டுப்பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அது ரசனை. கேட்காமலே இல்லை என்று சொன்னால் அதுக்குப் பேர் வேறு. ஞாயிறு இரவு அந்தக் கொட்டிலில் இருந்தவர்களில் ‘மித்ர்’ பார்த்திருந்தவர் யாரும் இல்லை. பார்க்காதவர்கள்தான் தீர்ப்புச் சொன்னோம்.

இப்போது எங்கட ஊர்ப் பக்கம் வருவோம். கொஞ்சம் உறைக்கும்.

ரஹ்மான் என்றால் எங்களுக்குப் பெருமை. 2014இல் யுவன் இஸ்லாத்தைத் தழுவியதாக அறிவித்தபோது எங்கட சந்திகளில் எவ்வளவு பேச்சு! பாட்டே கேட்காத பெரியவர்கள்கூட யுவனின் பெயரைக் கேட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பெருமையைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த யுவனுக்கு இசையமைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார் என்று அப்போது யாருமே பேசவில்லை. ‘மித்ர்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் ஃபௌசியா பாத்திமா என்ற பெயரும் எங்கட பெருமைப் பட்டியலில் ஒருநாளும் வந்ததில்லை. எங்கட பெருமையும் ஆண்களை மட்டுமே எண்ணத் தெரிந்த பெருமை.

ரஹ்மானின் மகள் கதீஜாவை எடுங்கள். சேகர், ரஹ்மான், கதீஜா என்று மூன்று தலைமுறை. 2019இல் மும்பையில் ஒரு மேடையில் முகத்தை மூடி வாப்பாவோடு பேசினார். உடனே, வாப்பா கட்டாயப்படுத்தியிருக்கிறார் என்று ஒரு கூட்டம் கத்தியது. அது அவரவர் தெரிவு என்று ரஹ்மான் ஒரு குடும்பப் படத்தோடு பதில் போட்டார். 2020இல் எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரின் கதீஜாவின் புர்காவைப் பார்த்தால் தனக்கு மூச்சு முட்டுகிறது என்ற பொருளில் எழுத, கதீஜா தானே பதில் எழுதினார். எங்கட ஃபேஸ்புக்கிலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவர் அடக்குமுறையின் அடையாளம். மற்றக் கட்சிக்கு அவர் ஒழுக்கத்தின் அடையாளம். இரண்டு கட்சியும் பேசியது ஒரு துணியைப் பற்றி.

2024 ஓகஸ்டில் ஹலிதா ஷமீம் இயக்கிய ‘மின்மினி’ வெளிவந்தது. இசை கதீஜா ரஹ்மான். அவர் இசையமைப்பாளராக வந்த படம். உடுப்பைப் பற்றி நூறு கொமெண்ட் போட்ட எங்கட ஆக்கள், அந்தப் படத்தின் இசையைப் பற்றி எத்தனை போட்டார்கள்? நாங்கள் பார்த்த வரைக்கும் ஒண்டும் இல்லை. ஏசினவர்களும் கேட்கவில்லை, புகழ்ந்தவர்களும் கேட்கவில்லை. ஒரு பெண் மெட்டுப் போட்டால் அதைக் கேட்பதுதான் அவளுக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை. நல்லா இல்லை என்றால் நல்லா இல்லை என்று சொல்வது இரண்டாவது மரியாதை. எங்கட இரண்டு கட்சியும் இரண்டையும் செய்யவில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும் என்று தெரியும். “பொம்புளப் புள்ளைகள்ட குரலைப் பற்றி மார்க்கத்தில பேச்சு இரிக்கே?” இருக்கிறது. உலமாக்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடும் இருக்கிறது. அதில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்? எங்கட ஞாயிறு இரவிலும் கதவடியில் இருந்த ராத்தாமார் கொட்டிலுக்குள் வந்து பாடவில்லை. நாங்களும் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தவில்லை. அது அவர்களுடைய முடிவு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பிரச்சினை குரல் என்றால், மெட்டில் என்ன பிரச்சினை? மெட்டுப் போட மேடை ஏறத் தேவையில்லை, முகம் காட்டத் தேவையில்லை, அந்நிய ஆண் முன்னால் வாய் திறக்கக்கூடத் தேவையில்லை. பாட்டுக்குக் கீழே ஒரு பெயர் எழுதினால் போதும். அந்தப் பெயரையும் நாங்கள் எழுதுவதில்லை என்றால், காரணம் குரல் இல்லை. குரல் என்பது சாட்டு.

சினிமா, மகளின் குரலை எடுத்துக்கொண்டு மெட்டை மறந்தது. எங்கட ஊர் தலைகீழ். மெட்டையும் சொல்லையும் எடுத்துக்கொண்டு ஆளை மறந்தது.

எங்கட கரையோரத்துக் கவிகளைப் பாருங்கள். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து நாலு வரிக் கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுக்காவிட்டால் பாதி அழிந்திருக்கும். அந்த உழைப்புக்குக் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கவிகளில் ஒரு பெரிய பங்கு பெண் பேசுகிற கவி. மச்சானை ஏசுகிற கவி, வட்டைக்குக் காவலுக்குப் போனவனைக் காத்திருக்கிற கவி, சீதனம் கேட்டவனைக் கிழிக்கிற கவி. பிள்ளையை ஆட்டுகிற தாலாட்டும், ஊஞ்சல் பாட்டும், கலியாண வீட்டுக் குரவையும் பெண்கள் கையில்தான். இன்றைக்குக் கலாசார விழா மேடையில் இவற்றைப் பாடுவது பெரும்பாலும் யார்? வெள்ளைச் சாரமும் தொப்பியும் போட்ட ஆண்கள். அழகாகத்தான் பாடுகிறார்கள். அறிவிப்பாளர் சொல்வது: “அடுத்து, நாட்டார் பாடல்.”

நாட்டார் என்றால் யார்? ஊரே கூடி நின்று ஒரு வரி ஒரு வரியாகக் கட்டியதா? இல்லை. ஒரு பொம்புள, ஒரு நாள், நெல்லுக் குத்தும்போதோ பிள்ளை அழும்போதோ கட்டியது. அதை இன்னொருத்தி கேட்டு, ஒரு சொல்லை மாற்றி, தன் பங்கைச் சேர்த்தது. நூறு வருஷத்துக்கு முந்திய கவிக்குப் பெயர் கண்டுபிடிக்க ஏலாது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் போன கிழமை கட்டின கவிக்கும் ‘நாட்டார்’ என்று போடுகிறோமே, அதுதான் களவு.

களவு என்ற சொல் பெரிசு என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். ஞாயிறு இரவு அந்தக் கேள்வியைக் கேட்ட புள்ள, அடுத்த நாள் எங்களிடம் சொன்ன கதை. எங்களில் மூன்று பேர் அதுக்குச் சாட்சி, ஏனென்றால் அந்தப் பாட்டைப் பாடியவர்களே நாங்கள்தான்.

நாங்கள் படித்த பாடசாலை ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஒரு டீச்சர் இருந்தார். சங்கீத டீச்சர் இல்லை, தமிழ் டீச்சர். ஒரு விழாப் போட்டிக்குக் கீதம் ஒன்று தேவைப்பட்டபோது, இன்டர்வலில் ஸ்டாஃப் ரூமில் இருந்து மேசையில் விரலால் தட்டித் தட்டி, சொல்லும் எழுதி மெட்டும் போட்டவர் அவர். வீட்டுக்குப் போகிற ஓட்டோவில் மறந்துபோகாமல் இருக்க, ஃபோனில் மெல்லமாக முனகிப் பதிந்து வைத்திருந்தார். எங்களுக்கு அதைச் சொல்லித் தந்தார். “சரணத்தில அவசரப்படாதீங்க புள்ளைகள், மூச்ச வெச்சிட்டு இறங்குங்க” என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. போட்டியில் முதலாமிடம். விழா மலரில் அச்சானது: ‘இசை’ என்று போட்டு, மேடையில் கீபோர்ட் வாசிக்க வெளியிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவந்த ஒருவரின் பெயர். ‘வரிகள்: பாடசாலைச் சமூகம்.’ டீச்சருடைய பெயர் எங்கேயும் இல்லை. அதே பாட்டு இன்றைக்கும் அங்கே விழாக்களில் போகிறது. அதே பெயர்களோடு.

நாங்கள் அப்போது சின்னப் புள்ளைகள், ஒண்டும் கேட்கவில்லை. வளர்ந்த பிறகும் கேட்கவில்லை. பவதாரிணிக்காக ஒரு இரவு வைத்த ஆக்கள், பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு இசையமைப்பாளரை மறந்துபோனோம்.

நாங்கள் இப்படிக் கோபப்படும்போது சிலர் சொல்வார்கள்: “பேருக்காகவா செய்தாங்க? இக்லாஸா செஞ்சா அல்லாஹ்ட்ட கூலி இரிக்கி.” அழகான பேச்சு. ஆனால் இந்த இக்லாஸ் பாடம் ஏன் டீச்சருக்கு மட்டும்? கீபோர்ட்காரருக்குப் பெயரும் கிடைத்தது, காசும் கிடைத்தது. திறப்பு விழாக் கல்லில் பிரதம அதிதியின் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது என்று எங்கட ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பெயர் வேண்டாம் என்ற பணிவு எல்லாருக்கும் பொதுவென்றால் நாங்கள் வாய் மூடுகிறோம். பெண்களுக்கு மட்டும் என்றால் அது பணிவு இல்லை.

பெயர் எழுதுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதுக்குத் தூரத்திலிருந்து ஒரு உதாரணம். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் அரண்மனையில் 400 வருஷத்துக்கு முந்தி ஜூலியோ கச்சினி என்று ஒரு பாடகர், இசையமைப்பாளர். 1602இல் அவர் வெளியிட்ட பாடல் தொகுப்பை இசை படிக்கிறவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். அவருடைய மகள் ஃபிரான்செஸ்கா. அவரும் பெரிய பாடகி, அவரும் இசையமைப்பாளர். அரண்மனை விழாக்களுக்கு நிறைய மெட்டுப் போட்டிருக்கிறார். பெரும்பாலானது தொலைந்துவிட்டது. மிஞ்சியது முக்கியமாக இரண்டு: 1618இல் அவர் பெயரில் அச்சான பாடல் புத்தகமும், 1625இல் மேடையேறிய ஒரு இசை நாடகமும். ஒரு பெண் இசையமைத்ததாக இன்றைக்குத் தெரிந்த ஆக முந்திய ஓபரா அதுதான். அவை மிஞ்சக் காரணம், அவை அச்சேறியிருந்தன, அவருடைய பெயர் அதில் இருந்தது. எழுதாத எதுவும் மிஞ்சாது. குரல் காற்றோடு போகும். பெயர் போட்ட தாள் இருந்தால்தான் நாளைக்கு ஒருத்தி அதை எடுத்து, “எனக்கு முந்தியும் ஒருத்தி இருந்திருக்கா” என்று சொல்லலாம்.

நாங்கள் டீச்சரைப் பார்க்கப் போனோம். பென்ஷன் எடுத்துவிட்டார். பிளேன்டியும் பிஸ்கட்டும் தந்தார். விசயத்தைச் சொன்னோம்: அடுத்த முறை நாங்கள் பாட்டு இரவு வைக்கும்போது அந்தக் கீதத்தைப் பாடி, உங்கட பெயரைச் சொல்லப் போகிறோம், எங்கட தளத்திலும் எழுதப் போகிறோம். நாங்கள் அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்துத்தான் போனோம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “என்ட பேரப் போட வேணாம் மகன். பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் இரிக்காங்க, ஆக்கள் ஒண்டக் கதப்பாங்க. எனக்கு இந்த வயசில அது ஏலா.” நாங்கள் எழும்பப் போனபோது கையைப் பிடித்துச் சொன்னார்: “ஆனா மகன், அந்த ஆள்ட பேரயும் போடாதீங்க.”

அண்டைக்கு வீட்டுக்கு வந்து நாங்கள் நிறைய வாதாடினோம். சிலர் சொன்னார்கள், எப்படியும் பெயரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் மாறாது என்று. இல்லை. அவருடைய பெயரை அவரிடம் கேட்காமல் எடுத்தவர்களுக்கும், கேட்டு ‘வேணாம்’ என்ற பிறகும் போடுகிற எங்களுக்கும் என்ன வித்தியாசம்? பெயர் அவருடையது. போடுவதும் விடுவதும் அவர் கையில். ஆனால் பிழையான பெயரை எடுப்பது எங்கட கையில் இருக்கிறது. அதைச் செய்ய அவருடைய அனுமதியும் கிடைத்துவிட்டது.

இனி நாங்கள் செய்யப் போவது இவை. வாசிக்கிற உங்களையும் செய்யச் சொல்லிக் கேட்கிறோம்.

ஒன்று. எங்கட மேடையில் எந்தப் பாட்டுக்கும் முந்தி, மெட்டு யார், சொல் யார், குரல் யார் என்று மூன்றையும் சொல்லுவோம். இது புதுசு இல்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடலாசிரியர், இசை, பாடியவர் என்று சொல்லிப் பாட்டுப் போட்ட நாட்டில் வளர்ந்தவர்கள் எங்கட வாப்பாமார். அந்த நல்ல பழக்கத்தைத் திரும்ப எடுப்போம்.

இரண்டு. உங்கட மூத்தம்மா, அம்மம்மா, சாச்சி, மாமி யாராவது கவி சொன்னால் ஃபோனில் பதியும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “இது நீங்க கட்டினதா, கேட்டதா? கேட்டதெண்டா யார்ட்டக் கேட்டது?” அந்தப் பதிலை எழுதி வையுங்கள். வெளியில் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள். வீட்டுக்குள் இருக்கட்டும். ஆனால் ‘நாட்டார்’ என்று எழுதுவதுக்கு முந்தி ஆளைத் தேடுங்கள்.

மூன்று. பெயர் சொல்ல விருப்பமில்லாதவருக்கு, ‘இதைக் கட்டியவர் ஒரு பெண், பெயர் சொல்ல விரும்பவில்லை’ என்று முழுசாக எழுதுங்கள். அந்த ஒரு வரி நீளம்தான். பரவாயில்லை, மலரில் பிரதம அதிதியின் பட்டங்களுக்கு இடம் இருக்கிறது என்றால் இதுக்கும் இருக்கும்.

நாலு. பவதாரிணியின் மெட்டுகளைக் கேளுங்கள். கதீஜாவின் ‘மின்மினி’யைக் கேளுங்கள். பிடித்தால் பிடித்தது என்றும், பிடிக்காவிட்டால் ஏன் என்றும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். இரக்கப்பட்டு எழுத வேண்டாம். கார்த்திக் ராஜாவுக்கும் யுவனுக்கும் எப்படி எழுதுவீர்களோ அப்படி எழுதுங்கள்.

அடுத்த வார இறுதி நிகழ்வும் அதே கொட்டிலில்தான். சனிக்கிழமை இந்தமுறை மகளுக்கு. ‘மித்ர்’ பாட்டுகளைக் கீபோர்ட்காரர் இப்போதே எடுத்துக்கொண்டிருக்கிறார். சரணத்தில் ஓரிடம் சிக்குகிறதாம், பக்கத்து வீட்டுக் கதவடியிலிருந்து அந்தப் புள்ள திருத்திக்கொண்டிருக்கிறாள். ஞாயிறு வாப்பாவுக்கு. முடிவில் அந்தக் கீதத்தையும் பாடுவோம். டீச்சர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், பக்கத்து வீட்டில் இருந்து கேட்பார். அறிவிப்பில் நாங்கள் சொல்லப் போவது இவ்வளவுதான்: மெட்டும் சொல்லும் எங்கட ஊர் ஆசிரியை ஒருவருடையவை. அவர் பெயர் சொல்ல விரும்பவில்லை. இதுவரை மலரில் போட்டிருந்த பெயர் பிழை.